பி0ஏ80 வந்தால் பற்றரி போய்விட்டதா? டொயோட்டா ஹைபிரிட் கார்ப் பழுதுகளைக் கண்டுபிடிக்கும் முழுமையான வழிகாட்டி

ஓடிக்கொண்டிருக்கும்போது சிவப்பு முக்கோணம் எரிகிறது. கூடவே என்ஜின் லைட்டும் "ஹைபிரிட் சிஸ்டத்தைப் பரிசோதிக்கவும்" என்ற செய்தியும் வருகின்றன. கராஜுக்குக் கொண்டுபோனால் ஸ்கானரைக் குத்திப் பார்த்துவிட்டு, "பி0ஏ80 அடிக்குது, பற்றரி முடிஞ்சுது, மாத்தத்தான் வேணும்" என்று இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். சில இலட்சம் ரூபாய் அந்த இரண்டு நிமிடத்தில் முடிவாகிறது.

அந்தக் கோட் தீர்ப்பு அல்ல, முறைப்பாடு. பற்றரியின் பகுதிகளுக்கிடையில் வோல்டேஜ் ஒத்துப்போகவில்லை என்று கம்பியூட்டர் கவனித்திருக்கிறது. ஏன் ஒத்துப்போகவில்லை என்பதை அது சொல்லாது. செல் செத்திருக்கலாம். செல்களை இணைக்கும் செம்புத் தகடு அரித்துப் பாசம் பிடித்திருக்கலாம். காற்று வழி அடைத்துப் பற்றரி வெந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய முடியும். பெரும்பாலான வேலைக்கு ஒரு மல்டிமீற்றர், காரின் கம்பியூட்டரைக் கைபேசியோடு இணைக்கும் ஒரு ஓபிடி அடப்டர், பொறுமை ஆகிய மூன்றும் போதும்.

இலங்கையில் ஓடும் ஆக்வா, எக்ஸியோ ஹைபிரிட், மூன்றாம் தலைமுறை ப்ரியஸ் ஆகியவற்றை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. அதனால் 2010க்கும் 2015க்கும் இடையில் ஜப்பானில் உற்பத்தியாகி வந்த கார்களே இன்னும் பல வீடுகளின் முதல் வாகனம். பத்து வருடம் தாண்டிய நிக்கல் பற்றரிக்கு நம் வெயிலும் கடற்கரை ஈரப்பதமும் சேர்ந்தால் பழுது வருவது இயல்பு. பழுதைத் தவறாகக் கணிப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது

ப்ரியஸின் பெரிய பற்றரியில் 28 மொடியூல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 1.2 வோல்ட் செல் ஆறு, அதாவது 7.2 வோல்ட். எல்லாம் தொடராக இணைந்து 201.6 வோல்ட். ஆக்வாவிலும் எக்ஸியோவிலும் 20 மொடியூல்கள், 144 வோல்ட். கம்பியூட்டர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. இரண்டு மொடியூலை ஒரு ப்ளொக்காக வைத்தே அளக்கிறது. ஆகவே ப்ரியஸில் 14 ப்ளொக். ஒரு ப்ளொக்கில் 12 செல்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று கெட்டாலும் முழு ப்ளொக்கின் எண்தான் குறையும்.

இதற்கு வெளியே சாதாரண 12 வோல்ட் பற்றரி ஒன்று தனியாக உண்டு. இந்தக் கார்களில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை, அல்டர்னேட்டரும் இல்லை. என்ஜினைச் சுழற்றுவது பெரிய பற்றரியில் ஓடும் எம்ஜி1 மோட்டார். 12 வோல்ட் பற்றரிக்கு சார்ஜ் தருவது, பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் டிசி மாற்றி. இது பிறகு முக்கியமாகும்.

கை வைக்க முன்

செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடாதீர்கள். பற்றரி 200 வோல்ட் என்றாலும் இன்வெர்ட்டர் அதை ப்ரியஸில் 650 வோல்ட் வரைக்கும், ஆக்வாவில் 520 வோல்ட் வரைக்கும் ஏற்றுகிறது. நேர் மின்னோட்டத்தில் இது கொல்லும்.

கீழே வரும் முதல் நான்கு படிகளையும் வாகன உரிமையாளர் தானே செய்யலாம். ஐந்தாவது படியில் பற்றரி மூடி திறக்கப்படுகிறது. அதற்குப் பயிற்சி பெற்றவர், 1000 வோல்ட் தாங்கும் ஓட்டையில்லாத ரப்பர் கையுறை, 1000 வோல்ட் கேட் 3 தரமுள்ள மீற்றர் ஆகிய மூன்றும் கட்டாயம். காரை அணைத்து, சாவியைத் தூரமாக வைத்து, 12 வோல்ட் நெகட்டிவ்வைக் கழற்றி, செம்மஞ்சள் சேர்விஸ் ப்ளக்கை இழுத்துத் தன் பொக்கட்டில் போட்டுக்கொண்டு, இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் இறங்குவதற்காகப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் மீற்றரால் அளந்து பூச்சியம் என்று உறுதிசெய்ய வேண்டும். சேர்விஸ் ப்ளக்கைக் கழற்றினாலும் பற்றரிப் பெட்டிக்குள் மொடியூல்களில் மின்சாரம் அப்படியேதான் இருக்கும். ப்ளக் பற்றரியை நடுவில் இரண்டாகப் பிரிக்கிறது, அவ்வளவுதான்.

முதலாவது படி: அழிக்க முன் எழுதுங்கள்

பல கராஜ்களில் கோடைப் பார்த்தவுடன் அழித்துவிட்டு, "ஓடிப் பாருங்கோ, திரும்ப வந்தா கொண்டு வாங்கோ" என்கிறார்கள். கோடோடு சேர்ந்து அழிவது ஃப்ரீஸ் ஃப்ரேம். பழுது பதிவான அந்தக் கணத்தில் வேகம் என்ன, பற்றரியில் எத்தனை சதவீதம், வெப்பம் எவ்வளவு, எத்தனை அம்பியர் ஓடியது என்பதெல்லாம் அதில் இருக்கும். 12 வோல்ட் பற்றரியைக் கழற்றினாலும் இது போய்விடக்கூடும். ஆகவே முதலில் டாஷ்போர்டைப் படமெடுங்கள். பிறகு எல்லாக் கம்பியூட்டர்களிலும் உள்ள கோட்களையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் படமெடுங்கள்.

டொயோட்டாவில் இன்னொரு விஷயமும் உண்டு. முக்கியக் கோடின் கீழே மூன்று இலக்கத் தகவல் எண் ஒன்று வரும். மலிவு ஸ்கானர்கள் அதைக் காட்டாது. டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் மென்பொருளும் நல்ல தொழில்முறை ஸ்கானர்களும் காட்டும். சில கோட்களுக்கு அந்த மூன்று இலக்கம் இல்லாமல் பழுது தேடுவது இருட்டில் தடவுவதுதான்.

அடிக்கடி வருபவை இவை. பி0ஏ80 பற்றரி மாற்றக் கோட். பி3011 முதல் பி3024 வரை ப்ரியஸில் குறித்த ப்ளொக் பலவீனம், கடைசி இலக்கங்கள் 11 என்றால் முதலாவது ப்ளொக், 24 என்றால் பதினாலாவது. பி0ஏ82 பற்றரி விசிறி. பி0ஏ93 இன்வெர்ட்டர் குளிரூட்டல். பி0ஏ94 வோல்டேஜ் ஏற்றும் பகுதி. பி0ஏஏ6 மின்கசிவு. பி0ஏ0டி சேர்விஸ் ப்ளக் அல்லது உறையின் பாதுகாப்புச் சுற்று. கம்பியூட்டர்களுக்கிடையில் தொடர்பு அறுந்ததைச் சொல்லும், யூ என்று தொடங்கும் கோட் ஒரேயடியாகப் பத்துப் பன்னிரண்டு வந்தால், வேறெதையும் நம்ப முன் அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாவது படி: 12 வோல்ட்

எத்தனையோ "ஹைபிரிட் பழுது" இங்கேயே முடிகிறது. 12 வோல்ட் தளர்ந்தால் சாதாரணக் காரில் "டிக் டிக்" சத்தம் கேட்கும். ஹைபிரிட்டில் அப்படி எதுவும் கேட்காது. கம்பியூட்டர்கள் அரைகுறையாக விழித்து ஒன்றையொன்று காணவில்லை என்று முறையிடும். டாஷ்போர்ட் முழுக்க லைட் எரியும். கார் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி லைட் மட்டும் வராது.

கார் மூன்று மணிநேரமாவது ஓய்வில் இருந்த பின் அளவுங்கள். 12.6 வோல்ட் அல்லது மேல் என்றால் நல்லது. 12.2க்குக் கீழே என்றால் மெதுவாக முழுச் சார்ஜ் ஏற்றி, லோட் டெஸ்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு காரை ரெடிக்குக் கொண்டுவந்து மறுபடி அளவுங்கள். 14க்கு அருகில் நிற்க வேண்டும். 13ஐக்கூட எட்டவில்லை என்றால் பற்றரியை மாற்றிப் பயனில்லை, டிசி மாற்றியையும் அதன் ஃபியூஸையும் பார்க்க வேண்டும்.

காரின் உள்ளே இருக்கும் இந்தப் பற்றரிக்கு வாயு வெளியேறும் குழாய் உண்டு. மலிவு என்று சாதாரண அமில பற்றரியைக் குழாயில்லாமல் உள்ளே வைத்து ஓடுபவர்களைப் பார்க்கிறேன். பின்சீட்டில் பிள்ளைகள் இருக்கும் காரில் அதைச் செய்யவே கூடாது. அதேபோல் ஜம்ப் கொடுக்கும்போது பிளஸ் மைனஸ் மாறினால் போவது ஃபியூஸோடு நிற்காமல் இன்வெர்ட்டர் வரை போகலாம்.

மூன்றாவது படி: காற்று வழி

பெரிய பற்றரியைக் குளிர்விப்பது காருக்குள் நீங்கள் இருக்கும் பகுதியின் காற்றுத்தான். ப்ரியஸில் பின்சீட்டுப் பக்கவாட்டில் ஒரு வலைச் சட்டம் தெரியும். ஆக்வாவில் அது பின்சீட்டின் கீழ்ப்பகுதியில். அதன் மேல் பை, துவாய், பிள்ளையின் விளையாட்டுச் சாமான் இருந்தால் எடுங்கள். வலையைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள்.

வலை சுத்தமாக இருப்பது போதாது. அழுக்கு தங்கும் இடம் விசிறியின் சுழலும் சக்கரம். அதன் ஒவ்வொரு இதழும் உள்வளைவானது. அந்த வளைவுக்குள் நூலும் முடியும் தூசியும் கம்பளிபோல அடைந்திருக்கும். விசிறி சுற்றும், சத்தமும் வரும், காற்று மட்டும் வராது. கம்பியூட்டருக்கு விசிறி ஓடுவதாகவே தெரியும். ஆகவே கோட் எதுவும் வராமலே பற்றரி வருடக்கணக்கில் சூடாகிக்கொண்டிருக்கும்.

ஸ்கானரில் விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, வலையில் ஒரு டிஷ்யூ கடதாசியைப் பிடியுங்கள். இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். தொங்கினால் விசிறியைக் கழற்றிக் கழுவும் நேரம். ஓடும்போது பற்றரி வெப்ப சென்சர்களையும் பாருங்கள். நம் பகல் வெயிலில் 35 முதல் 40 பாகை வரை வழமை. 45ஐத் தாண்டி அங்கேயே நின்றால், அல்லது சென்சர்களுக்கிடையில் பெரிய வித்தியாசம் இருந்தால், காற்றுச் சரியாகப் போகவில்லை. நடுவிலுள்ள மொடியூல்கள்தான் அதிகம் வெந்து முதலில் சாகின்றன. புதுப் பற்றரி போட்டும் இந்த விசிறியைக் கழுவாமல் விட்டால் புதுப் பற்றரிக்கும் அதே கதிதான்.

நான்காவது படி: ப்ளொக் வோல்டேஜை வாசித்தல்

இந்த வழிகாட்டியின் உயிர் இங்கேதான். டொக்டர் பிரியஸ், ஹைபிரிட் அசிஸ்டன்ட் போன்ற கைபேசிச் செயலிகளுடன் நல்ல ஓபிடி அடப்டர் ஒன்று இருந்தால் போதும். எல்லா ப்ளொக்கும் ஒரே திரையில் வருமாறு வைத்துக்கொள்ளுங்கள். பற்றரி மின்னோட்டமும் கட்டாயம் தெரிய வேண்டும். டொயோட்டா கணக்கில் பிளஸ் என்றால் பற்றரியிலிருந்து வெளியே போகிறது, மைனஸ் என்றால் உள்ளே சார்ஜ் ஏறுகிறது.

"எந்த ப்ளொக் குறைவு" என்பதோடு எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். மின்னோட்டத்தோடும் நேரத்தோடும் அந்த எண் எப்படி நடக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. அதற்கு மூன்று சோதனைகள்.

முதலாவது ஓய்வுச் சோதனை. இரவு நிறுத்திய காரைக் காலையில் பிரேக் மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு தடவை அழுத்துங்கள். ரெடி வராது, பெரிய பற்றரி இணையாது, ஆனால் ப்ளொக் வோல்டேஜ் தெரியும். சாதாரணமாக ப்ளொக்குகள் ஒன்றுக்கொன்று 0.1 வோல்ட்டுக்குள் நிற்கும். முந்தைய மாலை சமமாக இருந்து காலையில் மட்டும் ஒன்று கீழே விழுந்திருந்தால் அந்த ப்ளொக்கில் ஒரு செல் தானாகவே சார்ஜை இழக்கிறது.

இரண்டாவது ஏசிச் சோதனை. ரெடியில், பார்க்கில், ஏசியை ஆகக் குறைந்த வெப்பத்தில் முழு விசிறியுடன் போட்டு, ஹெட்லைட்டையும் எரியவிட்டுக் காத்திருங்கள். என்ஜின் நின்றிருக்கும்போது பற்றரி நிலையான மின்னோட்டத்தில் மெல்ல இறங்கும். இது மிக நேர்மையான சோதனை, ஏனென்றால் மின்னோட்டம் மாறாமல் இருக்கிறது. சாலையில் அக்சிலரேட்டரை மிதித்து விடும்போது எண்கள் துள்ளுவதைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஒரு ப்ளொக் வாசிக்கப்பட்ட கணத்தில் இருந்த மின்னோட்டம் அடுத்ததை வாசிக்கும்போது இருக்காது, இல்லாத வித்தியாசம் இருப்பதுபோலத் தெரியும். ஏசிச் சோதனையில் என்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகும் வரை, அதாவது சுமார் 40 சதவீதத்துக்கு இறங்கும் வரை, எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எந்த ப்ளொக் பின்தங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஓட்டச் சோதனை. இன்னொருவர் ஓட்ட நீங்கள் திரையைப் பாருங்கள். ஒரே சீரான ஏற்றம், பின்பு ஒரே சீரான நீண்ட பிரேக்கிங். இரண்டிலும் மின்னோட்டம் நிலையாக இருக்கும் கணத்தில் எண்களை எடுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேலான வித்தியாசம் திரும்பத் திரும்ப ஒரே ப்ளொக்கில் வந்தால் அதை விடக்கூடாது.

ஒரு ப்ரியஸின் எண்களை எடுத்துக்கொள்வோம். ஓய்வில் 13 ப்ளொக்குகள் 15.75, ஏழாவது 15.65. இதை மட்டும் பார்த்தால் நல்ல பற்றரி. ஏற்றத்தில் 60 அம்பியர் வெளியே போகும்போது மற்றவை 14.2, ஏழாவது 13.1. "ஏழாவது போச்சு" என்று இங்கேயே முடிவெடுத்துவிடுவார்கள். பிரேக்கிங்கில் 40 அம்பியர் உள்ளே வரும்போது பாருங்கள்: மற்றவை 16.8, ஏழாவது 17.4. வெளியே போகும்போது குறைவு, உள்ளே வரும்போது கூடுதல், மின்னோட்டம் நின்றவுடன் அடுத்த கணமே சமம். இது தடையின் அடையாளம். ஏற்றத்தில் தெரிந்த 1.1இலிருந்து ஓய்வில் இருந்த 0.1ஐக் கழித்தால் மிஞ்சும் ஒரு வோல்ட்டை 60ஆல் வகுத்தால் 0.017 ஓம் வருகிறது. 40 அம்பியரிலும் அதே 0.017ஐப் பெருக்கினால் கிட்டத்தட்ட 0.7 வோல்ட், அங்கே தெரியும் 0.6உடன் ஓய்வில் இருந்த 0.1 குறைவைச் சேர்த்தால் அதுதான் வருகிறது. கணக்கு இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது. செல் சாகாமல், இணைப்பில் மட்டும் பாசம் பிடித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மூடியைத் திறந்து பார்க்காமல் பற்றரி வாங்கக் கூடாத இடம் இது.

ஒரு செல் உள்ளுக்குள் ஷோர்ட் ஆகியிருந்தால் கதை வேறு. அந்த ப்ளொக் எந்நேரமும் 1.2 வோல்ட்டுக்குக் கிட்டக் குறைவாக நிற்கும். ஓய்விலும், சார்ஜிலும், டிஸ்சார்ஜிலும் ஒரே இடைவெளி. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, மொடியூல் முடிந்தது.

கொள்ளளவு தேய்ந்த செல் இன்னொரு விதம். ஏசிச் சோதனையின் தொடக்கத்தில் மற்றவற்றோடு சேர்ந்தே நிற்கும். சில நிமிடங்களில் விலகத் தொடங்கி, பிறகு படியால் விழுந்ததுபோல ஒரேயடியாக ஒரு வோல்ட் இறங்கும். மின்னோட்டத்தை நிறுத்தினாலும் உடனே ஏறாது, மெல்லத்தான் ஏறும். பி0ஏ80 வந்த பழைய கார்களில் உண்மையான பற்றரித் தேய்வு பெரும்பாலும் இப்படித்தான் தெரியும்.

நான்காவது ஒன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு ப்ளொக் குறைவாகவும் அதற்கு அடுத்தது அதே அளவு கூடுதலாகவும் காட்டும், இரண்டையும் கூட்டினால் சரியாக வரும். அடுத்தடுத்த இரண்டு ப்ளொக்குகளுக்கும் நடுவில் வோல்டேஜ் அளக்கும் மெல்லிய வயர் ஒன்றுதான் பொது. அந்த வயர் அல்லது அதன் முனை அரித்தால் ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் போட்டுக் காட்டும். இரண்டு மொடியூலும் நல்லவை. வயர் தொகுதியைத் திருத்தினால் போதும்.

பல ப்ளொக்குகள் பரவலாக வித்தியாசப்பட்டு, ஏசிச் சோதனையில் ஓரிரு நிமிடத்திலேயே 40 சதவீதத்துக்கு வந்து, திரையில் பற்றரிக் கட்டங்கள் கிடுகிடுவென்று ஏறி இறங்கினால் முழுப் பற்றரியும் வயதாகிவிட்டது. அதற்குத் தனி மொடியூல் வைத்தியம் பார்ப்பது வீண்.

ஒரு எச்சரிக்கை. காரை நியூட்ரலில் வைத்தால் பெரிய பற்றரிக்குச் சார்ஜ் ஏறாது. நெரிசலில் நியூட்ரலில் நிறுத்தி ஏசியையும் ஓடவிடும் பழக்கம் உள்ளவர்களின் காரில் எல்லா ப்ளொக்கும் தாழ்ந்திருப்பதைப் பழுது என்று எண்ணக் கூடாது. பெற்றோல் முடிந்து மோட்டாரிலேயே உருட்டிக்கொண்டு வந்த காரும் அப்படித்தான். முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டுப் பிறகு சோதியுங்கள்.

ஐந்தாவது படி: மூடியைத் திறந்தால்

பயிற்சி பெற்றவர் மேலே சொன்ன பாதுகாப்போடு திறக்கும்போது நீங்களும் கிட்ட நில்லுங்கள், கையை மட்டும் உள்ளே கொடுக்காதீர்கள். மொடியூல்களை இணைக்கும் செம்புத் தகடுகளான பஸ்பார்களைப் பாருங்கள். நல்ல நிலையில் அவை மங்கிய செம்பு நிறத்தில் இருக்கும். அரித்திருந்தால் நட்டைச் சுற்றி நீலப் பச்சைப் பொடி, சில இடங்களில் நட்டுக்கு அடியிலேயே கறுப்பு. வோல்டேஜ் அளக்கும் மெல்லிய வயர்களின் முனைகள் இன்னும் மோசமாக இருக்கும். கடற்கரை ஊர்களில் ஓடிய கார்களில் இது சாதாரணம்.

வெள்ளைக் கசிவு ஏதாவது மொடியூலின் தலையிலோ அடித்தட்டிலோ இருந்தால் அது பொட்டாசியம் ஹைட்ரொக்சைட், தோலையும் கண்ணையும் எரிக்கும். அந்த மொடியூலைத் துடைத்துத் திரும்பப் போடக் கூடாது.

பஸ்பார்களைக் கழற்றி, வினாகிரியில் ஊறவிட்டு, கழுவி, முற்றாக உலர்த்திப் பூட்டலாம். நிக்கல் பூசிய புதியவை போடுவது அதைவிட நல்லது. நட்டை இறுக்க டோர்க் ரெஞ்ச் வேண்டும்: 5.4 நியூட்டன் மீற்றர், அதற்கு மேல் வேண்டாம். கைப்பலத்தில் இறுக்கினால் மொடியூலின் ஸ்டட் பிளாஸ்டிக்கோடு பிடுங்கிக்கொண்டு வரும். ப்ளொக் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணப்படுகிறது என்பதை அந்த மொடலின் சேர்விஸ் புத்தகத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். தவறான முனையிலிருந்து எண்ணி நல்ல மொடியூலைக் கழற்றி வீசிய கதைகள் நிறைய.

வேலை முடிந்து ரெடி வராமல் பி0ஏ0டி வந்தால் பதற வேண்டாம். ப்ரியஸில் சேர்விஸ் ப்ளக்கைச் செருகி, கைபிடியைத் திருப்பி, பிறகு பூட்டும் இடத்துக்குத் தள்ள வேண்டும். அந்தக் கடைசி அசைவை மறப்பவர்களே அதிகம்.

மொடியூலா, முழுப் பற்றரியா

ஒரு மொடியூல் மட்டும் மாற்றுவது மலிவு. ஆனால் பத்து வருடம் ஒன்றாகத் தேய்ந்த கூட்டத்துக்குள் வேறு தேய்வுள்ள ஒன்றைச் செருகினால் சில மாதத்தில் இன்னொன்று விழும். கார் இளம் வயதில் ஒரே ஒரு செல் ஷோர்ட் ஆகியிருந்தால் மட்டும் நான் அதை ஆதரிப்பேன். அப்போதும் மாற்று மொடியூலின் கொள்ளளவு அளந்திருக்க வேண்டும். புதிதில் அது 6.5 அம்பியர் மணி. மற்ற மொடியூல்களின் அளவோடு ஒத்துப்போகும் ஒன்றையே போட வேண்டும். வோல்டேஜ் ஒத்திருந்தால் போதும் என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

திருத்திய முழுப் பற்றரி வாங்குகிறீர்கள் என்றால் விற்பவரிடம் ஒவ்வொரு மொடியூலின் கொள்ளளவுத் தாளைக் கேளுங்கள். எத்தனை தடவை ஏற்றி இறக்கினார்கள், லோட் சோதனை செய்தார்களா, பஸ்பார் புதியதா, விசிறி கழுவப்பட்டதா என்று கேளுங்கள். தாள் இல்லாவிட்டால், பல காரில் கழித்தெடுத்த மொடியூல்களை வோல்டேஜ் பார்த்து அடுக்கியதாகவே எண்ணிக்கொள்ளுங்கள். நீங்கள் காரைப் பல வருடம் வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால் புதிய செல்களுக்குச் செலவழிப்பதுதான் இறுதியில் மலிவு.

பற்றரி அல்லாத பெரிய பழுதுகள்

பி0ஏ93 வந்தால் இன்வெர்ட்டரின் தண்ணீர்ப் பம்பைப் பாருங்கள். என்ஜினுக்கு ஒரு கூலன்ட் தொட்டி, இன்வெர்ட்டருக்கு வேறொரு தொட்டி. கார் குளிர்ந்திருக்கும்போது இன்வெர்ட்டர் தொட்டியின் மூடியைத் திறந்து ரெடிக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே நீர் அசைந்து சுழல வேண்டும். அசையாவிட்டால் பம்ப், ஃபியூஸ், அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது. சிறிய பம்ப் ஒன்றைக் கவனிக்காமல் விட்டு இன்வெர்ட்டரையே எரித்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் தலைமுறை ப்ரியஸில் பி0ஏ94 வந்து கார் திடீரென்று வலு இழந்தால் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் அரைக்கடத்திகள் சூடேறிச் சிதைந்திருக்கலாம். இதற்காகவே டொயோட்டா 2014 பெப்ரவரியில் சுமார் 19 இலட்சம் ப்ரியஸ்களை மென்பொருள் மாற்றத்துக்குத் திரும்ப அழைத்தது. பழுது வரும்போது கார் பாதுகாப்பாகக் குறைந்த வேகத்தில் ஓடாமல் நின்றுவிடக்கூடும் என்பதால் 2018 ஒக்டோபரில் சுமார் 24 இலட்சம் ப்ரியஸ், ஓரிஸ் கார்களை மறுபடி அழைத்தது. ஜப்பானிலிருந்து பாவித்து வந்த கார் என்றால் உங்கள் சேஸி இலக்கத்தை டொயோட்டா ஜப்பானின் இணையத்தளத்தில் போட்டு அந்த வேலை முடிந்ததா என்று பாருங்கள்.

பி0ஏஏ6 மின்கசிவுக் கோட். உயர் வோல்டேஜ் எங்கோ காரின் உடலோடு கசிகிறது. மூன்று இலக்க எண் இல்லாமல் ஒன்றுமே செய்ய முடியாத இடம் இதுதான். 611 என்றால் ஏசி கம்ப்ரசர் பக்கம், 612 பற்றரி, 613 மோட்டார்களும் கியர்பெட்டியும், 614 பற்றரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடைப்பட்ட பகுதி. 526 மட்டும் இருந்தால் கசிவு உண்டு, இடம் இன்னும் தெரியவில்லை. 611 வந்து, அண்மையில் ஏசிக் காஸ் நிரப்பியிருந்தால் என்ன எண்ணெய் போட்டார்கள் என்று கேளுங்கள். இந்த மின் கம்ப்ரசருக்கு என்டி 11 என்ற எண்ணெய் மட்டுமே. சாதாரணக் காரின் எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின்காப்பு குலைந்துவிடும். 612 என்றால் மொடியூல் ஒன்று கசிந்து பெட்டியைத் தொட்டிருக்கலாம். வெள்ளத்தில் நின்ற காரில் எல்லா இடத்தையும் சந்தேகியுங்கள். இந்தக் கோடோடு ஓடிக்கொண்டிருக்க வேண்டாம். கசிவு, மின்காப்பை அளக்கும் மெகரால் அளந்து பகுதி பகுதியாகப் பிரித்தே தேடப்பட வேண்டும்.

பிறகு என்ஜின். காலையில் ஸ்டார்ட் ஆகும்போது பழைய ப்ரியஸ் கிலுகிலுவென்று நடுங்கினால் "ஹைபிரிட் பிடிக்குது" என்பார்கள். 1.8 லீற்றர் என்ஜினில் புகை மீள்சுழற்சிப் பாதை கரியால் அடைத்து, அதன் பிறகு ஹெட் காஸ்கெட் போவது நன்கறியப்பட்ட பழுது. கூலன்ட் தொட்டி மெல்லக் குறைகிறதா, சிலிண்டரில் எரிதல் தவறுவதைச் சொல்லும் பி0300 வரிசைக் கோட்கள் உண்டா என்று பாருங்கள். இரவு முழுக்கக் கூலன்டுக்கு அழுத்தம் கொடுத்து, காலையில் ப்ளக் ஓட்டையால் கமரா விட்டால் சிலிண்டருக்குள் ஈரம் தெரியும். ப்ரியஸிலும் ஆக்வாவிலும் என்ஜினின் தண்ணீர்ப் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. பெல்ட் இல்லை, அறுந்த சத்தமும் வராது, ஆகவே வெப்ப எச்சரிக்கையை ஒருபோதும் பொருட்படுத்தாமல் ஓடாதீர்கள்.

ஹொண்டா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2013இலிருந்து வந்த ஃபிட் ஜிபி5இலும் வெசலிலும் இருப்பது 48 செல் லித்தியம் பற்றரி, 172.8 வோல்ட், அத்துடன் இரட்டைக் கிளட்ச் ஏழு கியர். அவற்றில் குலுக்கமும் "டிரான்ஸ்மிஷன் சூடு" எச்சரிக்கையும் வந்தால் முதலில் கிளட்சையும் அதை இயக்கும் பகுதியையும் பாருங்கள். மேலே சொன்ன 0.3 வோல்ட் கணக்கு அங்கே பொருந்தாது.

திருத்திய பின்

கோடை அழித்துவிட்டுக் காசைக் கொடுக்க வேண்டாம். ஏசிச் சோதனையையும் ஓட்டச் சோதனையையும் அதே வரிசையில் மறுபடி செய்து, முன்பு எடுத்த படங்களோடு எண்களை ஒப்பிடுங்கள். பாசம் பிடித்த ஏழாவது ப்ளொக் 60 அம்பியரில் மற்றவற்றோடு சேர்ந்து நின்றால் வேலை சரி. ஒரு வாரம் ஓடியபின் காத்திருப்புக் கோட்கள் ஏதும் வந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை ஸ்கான் செய்யுங்கள். முக்கோண லைட் எரியாமலே முதல் தடவைக்கான பதிவு அங்கே காத்துக்கொண்டிருக்கும்.